உங்கள் வீடும் நலம்

ஜனவரி 12

அன்புள்ள சித்திக்கு,

பட்டாணி எழுதுவது. நானும் உங்கள் மாப்பிள்ளையும் நலம். உங்கள் முழங்கை எப்படி இருக்கிறது? வீக்கம் வற்றியதா, இல்லை வழக்கம்போல "அதெல்லாம் ஒண்ணுமில்ல"தானா?

நீங்கள் விழுந்ததை எனக்கு யார் சொன்னது தெரியுமா? அடுத்த வீட்டு டைப்பிஸ்ட் அம்மா. ஸ்டூல் மேல் ஏறித் திரை மாட்டும்போது கால் தவறியதாம். ஊரில் இருக்கிற ஜன்னலுக்கெல்லாம் திரை தைத்துக் கொடுத்துவிட்டு, "ஆள வச்சு மாட்டுங்க, நீங்களே ஏறாதீங்க" என்று புத்தி சொல்கிறவர் நீங்கள். அந்தப் புத்தி உங்களுக்கு மட்டும் எங்கே போயிற்று? போனில் கேட்டால் "ம்... இருக்கேன்... வெச்சிடட்டுமா?" அதற்கு மேல் உங்களிடமிருந்து ஒன்றும் பெயராது. அதனால்தான் விடுதியில் படித்த காலத்து மாதிரி மறுபடி பேனாவை எடுத்துவிட்டேன். உங்களுக்கு வாய் பேசாது, கைதான் பேசும்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். அப்பா போய் ஒரு வருஷம் தாண்டிவிட்டது. அவ்வளவு பெரிய வீட்டில் நீங்கள் எதற்கு ஒற்றை ஆளாக இருக்க வேண்டும்? டியூட்டியில் வார்டில் நடந்துகொண்டிருக்கும்போதெல்லாம் உங்கள் நினைப்புதான். பேசாமல் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுங்கள். இங்கே ஓர் அறை சும்மாதான் கிடக்கிறது. ஜன்னலும் பெரியது. அந்த வீட்டை வாடகைக்கு விட்டுக்கொள்ளலாம்.

யோசித்து எழுதுங்கள். ரொம்ப யோசிக்காதீர்கள். நீங்கள் ரொம்ப யோசித்தால் எதுவும் நடக்காது.

அன்புடன்,
பட்டாணி


ஜனவரி 27

அன்புள்ள பட்டாணிக்கு,

சித்தி எழுதுவது. இங்கு நான் நலம். உங்கள் வீடும் நலம். மாடிக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது, வாஷர் மாற்றிவிட்டேன். உன் கணுக்கால் வலி எப்படி இருக்கிறது? நாளெல்லாம் நின்றுகொண்டே வேலை பார்க்காதே. தலைமை நர்ஸ் என்று ஆன பிறகும் உட்கார நாற்காலி கொடுக்க மாட்டார்களா? மாப்பிள்ளைக்கு இருமல் நின்றதா? வெந்நீர் குடிக்கச் சொல்.

முழங்கைக்கு ஒன்றுமில்லை. டைப்பிஸ்ட் அம்மாவுக்கு விரல் மட்டும்தான் வேகம் என்று நினைத்தேன். வாய் அதைவிட வேகமாக இருக்கிறது.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். எங்கள் வீட்டுக்கு வந்துவிடுங்கள் என்று எழுதியிருந்தாய். ரொம்ப சந்தோஷம். நீ அப்படி எழுதியதே போதும் எனக்கு.

வாடகைக்கு விடுவது பற்றி நீ சொன்னதும் நியாயம்தான். உங்கள் அப்பா உனக்காகக் கட்டிய வீடு. நீ வாய் திறப்பதற்கு முன்னால் எனக்கே தோன்றியிருக்க வேண்டும். அவர் இருந்தவரை அவருக்குச் சாப்பாடு, மருந்து என்று நான் இங்கே இருந்தேன். இப்போது அந்த வேலையும் இல்லை. எப்போது காலி செய்ய வேண்டும் என்று ஒரு வார்த்தை எழுது. நான் போகிற இடம் பற்றி நீ கவலைப்படாதே. கோடைக்கு முன்னால் என்றால் எனக்கும் வசதி. கோடையில் எல்லாரும் வீடு மாறுவார்கள், திரைக்குக் கூட்டம் வந்துவிடும்.

உடம்பைப் பார்த்துக்கொள். இரண்டு பேரும் நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

அன்புள்ள,
சித்தி


பிப்ரவரி 6

அன்புள்ள சித்திக்கு,

நாங்கள் நலம். கணுக்கால் இப்போது தேவலை. அவர் இருமலுக்கு நீங்கள் சொன்ன வெந்நீர் வைத்தியம் கேட்டது. அவர்தான் கேட்கவில்லை.

காலி செய்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள்! இவ்வளவு சீக்கிரம் சம்மதிப்பீர்கள் என்று நான் நினைக்கவே இல்லை. கடிதத்தைப் படித்துவிட்டு இவரிடம் ஓடிப்போய்க் காட்டினேன். "உன் சித்தி எழுத்துல வர்றேன்னு எங்கயும் காணோமே" என்றார். இவருக்கு எல்லாவற்றிலும் ஓட்டை பார்த்தே பழக்கம். பல்செட்டு செய்கிற ஆள் அப்படித்தான் இருப்பார்.

இப்போது கேளுங்கள். ஒரு வார்டையே பழைய கட்டடத்திலிருந்து புதுக் கட்டடத்துக்கு மாற்றியவள் நான். ஒரு நோயாளிக்கும் ஒரு வேளை மருந்து தவறவில்லை. வீடு மாற்றுவது அதைவிடச் சின்ன வேலைதான், பதற்றப்படாமல் செய்தால். ஒரே நாளில் எல்லாவற்றையும் இழுத்துப் போடாதீர்கள். யாரும் புழங்காத அறையில் தொடங்குங்கள், சமையலறை கடைசி. போட்டோ ஆல்பத்தை முதலில் தொடவே கூடாது. தொட்டீர்கள் என்றால் அன்றைக்கு வேலை காலி, உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பீர்கள். ஒரு பையில் உங்கள் மாத்திரை, கண்ணாடி, துண்டு, ஒரு மாற்றுப் புடவை, டம்ளர் ஒன்று. வந்த அன்று ராத்திரி அந்தப் பை மட்டும் இருந்தால் போதும், மற்ற பெட்டியெல்லாம் நிதானமாகப் பிரிக்கலாம். ஒவ்வொரு பெட்டி மேலும் உள்ளே என்ன இருக்கிறது என்று எழுத வேண்டாம், எந்த அறைக்குப் போக வேண்டும் என்று எழுதுங்கள். இறக்குகிறவர்கள் உங்களைக் கேட்டுக் கேட்டு உயிரை எடுக்க மாட்டார்கள். இன்னொன்று, களைத்துப்போனால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். அசதியில்தான் எதை எடுப்பது எதை விடுவது என்று அழுகை வரும்.

தையல் மெஷினை மட்டும் நீங்களே தூக்கப் பார்க்காதீர்கள். அது எனக்கு வேண்டியது, பத்திரமாக வர வேண்டும்.

எந்த வாரம் வருகிறீர்கள்? லீவு சொல்ல வேண்டும்.

அன்புடன்,
பட்டாணி


மார்ச் 3

அன்புள்ள பட்டாணிக்கு,

இங்கு நான் நலம். உங்கள் வீடும் நலம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. நீங்கள் இருவரும் நலம்தானே?

நீ சொன்னபடியேதான் செய்தேன். புழங்காத அறையில் தொடங்கினேன். ஆல்பத்தைத் தொடவில்லை. நீ சொன்னது எல்லாம் சரியாக இருந்தது. ஒன்று மட்டும் எனக்கு வரவில்லை. பெட்டி மேல் அறையின் பெயரை எழுதச் சொன்னாயே, எனக்கு என்ன அறை தெரியும்? அதனால் எது யாருடையது என்று எழுதினேன். உங்கள் அம்மாவின் பாத்திரங்கள் ஒரு பெட்டி. அவற்றை நான் துலக்கி வைப்பதோடு சரி, புழங்கினதில்லை. உங்கள் அப்பாவின் புத்தகங்கள், உன் பள்ளிக்கூடப் பரிசுகள், உன் பாவாடை சட்டைகூட இரண்டு இருக்கிறது. எல்லாப் பெட்டி மேலும் தாள் ஒட்டி "உங்கள்" என்று எழுதி எழுதி மார்க்கர் பேனா தீர்ந்தே போயிற்று. கடைசியில் பார்த்தால் என்னுடையது மெஷின், கத்திரிக்கோல், நான் வரும்போது கொண்டுவந்த டிரங்குப் பெட்டி. அவ்வளவுதான். இவ்வளவு சுலபமாக யாரும் வீடு மாறியிருக்க மாட்டார்கள்.

நான் வேலை செய்கிற திரைக் கடைக்கு மேலே ஓர் அறை இருக்கிறது. கடைக்காரம்மா ரொம்ப நாளாகவே "மேல வந்து இருந்துடுங்களேன், எனக்கும் துணையா இருக்கும்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். படி இறங்கினால் வேலை, ஏறினால் வீடு. ஏப்ரல் கடைசியில் அங்கே போகலாம் என்று இருக்கிறேன். சாவியை டைப்பிஸ்ட் அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன், நீ வந்து வாங்கிக்கொள்ளலாம். யாருக்கும் சிரமம் இல்லை.

உன் அறைத் திரையை மட்டும் கழற்றவில்லை. வெயில் படாமல் இருக்கட்டும்.

அன்புள்ள,
சித்தி


மார்ச் 10

அன்புள்ள சித்திக்கு,

நாங்கள் நலம். உங்கள் கடிதம் கிடைத்தது.

கடைக்கு மேலே அறை என்றால் உங்களுக்கு வசதிதான். உங்கள் விருப்பம். நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

ஸ்டூல் மேல் ஏறாதீர்கள்.

பட்டாணி


ஏப்ரல் 2

அன்பும் மரியாதையும் உள்ள அத்தைக்கு,

பல்செட்டுக்காரன் வணக்கம். ஆச்சரியப்படாதீர்கள், எனக்கும் எழுதத் தெரியும். உடம்பு எப்படி இருக்கிறது? நான் நலம் என்று எழுதலாம். இவள் நலம் என்று எழுதினால் பொய்யாகிவிடும்.

அத்தை, நான் நேராகக் கேட்டுவிடுகிறேன். என்மேல் ஏதாவது கோபமா? நான் குறட்டை விடுவது உண்மை. சாப்பாட்டு மேஜையில் மாதிரிப் பல்லைக் கொண்டுவந்து வைப்பதும் உண்மை. போன தடவை வந்தபோது உங்கள் காபி டம்ளருக்குப் பக்கத்தில் ஒரு கீழ்த்தாடை இருந்ததைப் பார்த்து நீங்கள் அலறியதை நான் மறக்கவில்லை. அதுதான் காரணம் என்றால் சொல்லிவிடுங்கள், தாடையை எல்லாம் கடையிலேயே விட்டுவிட்டு வருகிறேன்.

இங்கே நடந்ததை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஓர் அறை சும்மா கிடக்கிறது என்று இவள் எழுதினாளாமே? எங்கே கிடக்கிறது? இருப்பது இரண்டே அறை. பெரிய அறையில் நாங்கள் படுத்திருந்தோம். கிறுக்குப் பிடித்த மாதிரி ஒரு ஞாயிற்றுக்கிழமை கட்டிலைச் சின்ன அறைக்குத் தள்ளச் சொன்னாள். கட்டிலைப் போட்டதும் அங்கே கதவு பாதிதான் திறக்கிறது. நான் தினமும் வயிற்றை எக்கிக்கொண்டுதான் படுக்கப் போகிறேன். "ஏன்டி இப்பவே?" என்று கேட்டால், "சித்தி வந்து பாக்கறப்ப அந்த ரூம் அவங்களுக்குன்னே இருந்த மாதிரி இருக்கணும்" என்கிறாள். மெஷின் வைக்க ஜன்னலோரம் இடம் விட்டு, அந்த இடத்தில் என்னை ஒரு நாற்காலிகூடப் போட விடுவதில்லை.

மார்ச் மாதம் உங்கள் கடிதம் வந்ததிலிருந்து அந்த அறைக் கதவைச் சாத்தி வைத்திருக்கிறாள். கட்டிலைத் திருப்பிப் போடலாமா என்று கேட்டேன். அதற்கு அவள் பார்த்த பார்வை இருக்கிறதே! உங்களுக்கு அவள் எழுதிய நான்கு வரிக்கு முன்னால் எத்தனை பக்கம் கிழித்தாள் என்று எனக்குத்தான் தெரியும், குப்பைக்கூடையைக் கொட்டுகிறவன் நான்.

அவள் கேட்க மாட்டாள், நான் கேட்கிறேன். ஏன் அத்தை வர மாட்டேன் என்கிறீர்கள்?

பணிவுடன்,
உங்கள் மாப்பிள்ளை


ஏப்ரல் 14

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நான் நலம். நீங்கள் எழுதியதைப் படித்து முதலில் சிரித்தேன், அப்புறம் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன். உங்கள் மேல் எனக்கு என்ன கோபம்? தாடைக்கெல்லாம் கோபித்துக்கொள்கிற ஆள் இல்லை நான்.

உங்களிடம் ஒன்று சொன்னால் தெருவுக்கே சொன்ன மாதிரி என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் சொல்கிறேன். படித்ததும் கிழித்துவிடுங்கள். அவளிடம் சொல்லாதீர்கள்.

கல்யாணம் முடிந்து உங்கள் மாமனாரோடு அந்த வீட்டு வாசலுக்கு வந்தேன். கையில் டிரங்குப் பெட்டி, பின்னால் வண்டியில் தையல் மெஷின். வாசற்படியில் எட்டு வயசுப் பெண் ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். ஒரு காலில் செருப்பு இருந்தது, மற்றதில் இல்லை. இரண்டு கையையும் நீட்டிக் கதவின் இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொண்டு, "இது எங்க வீடு" என்றாள். உங்கள் மாமனார் அதட்ட வாயெடுத்தார். நான் வேண்டாமென்று கையைக் காட்டினேன். குனிந்து, "ஆமாம்மா, உங்க வீடுதான். நான் உள்ள வரலாமா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தாள். அப்புறம் ஒரு கையை மட்டும் எடுத்தாள். இன்னொரு கையை எடுக்கவில்லை. நான் பெட்டியோடு ஒருக்களித்துத்தான் உள்ளே நுழைந்தேன்.

அம்மாவைப் பறிகொடுத்த குழந்தை. வீட்டையும் யாரோ வந்து எடுத்துக்கொண்டார்கள் என்று அவள் நினைத்துவிடக் கூடாது என்று, அன்றைக்குச் சொன்னதை நான் மாற்றவே இல்லை. அலமாரியை நகர்த்தவில்லை, ஆணி அடிக்கவில்லை. அவள் அம்மா போட்ட நீலத் திரை கிழிந்தபோதுகூட அதே நீலத்தில்தான் தேடிப்பிடித்துத் தைத்தேன். எப்போதும் உங்கள் வீடு, உங்கள் வீடு என்றுதான் சொல்வேன். அவளுக்காகச் சொல்ல ஆரம்பித்தது, பிறகு எனக்கே அப்படி ஆகிவிட்டது.

ஜனவரியில் அவள் எழுதினாள், "எங்கள் வீட்டுக்கு வந்துவிடுங்கள்" என்று. நல்ல மனசோடுதான் எழுதினாள், எனக்குத் தெரியாதா? ஆனால் "நம் வீடு" என்று அவளுக்கு வரவில்லை பாருங்கள். எங்கள் என்றால் அதில் நான் இல்லை. படித்ததும் மறுபடி பெட்டியோடு அந்த வாசற்படியில் நிற்கிற மாதிரி இருந்தது. அன்றைக்கு எனக்கு வயசு இருந்தது, நுழைந்துவிட்டேன். இந்த வயசில் இன்னொரு வீட்டுக்குள் ஒருக்களித்து நுழைய உடம்பு வளையாது, மாப்பிள்ளை.

கட்டிலைத் திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள். வயிற்றை எக்கினால் முதுகு பிடித்துக்கொள்ளும்.

ஆசிகளுடன்,
அத்தை


ஏப்ரல் 20

என் அன்புள்ள சித்திக்கு,

நலம் விசாரிக்கிற நிலைமையில் நான் இல்லை. இருந்தாலும் கேட்கிறேன், நலமா?

தபால் நேற்று வந்தது. இவர் அதை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழ்போட்டார். கொஞ்ச நேரத்தில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வெளியே வந்து, "கிழிச்சிடணும்னு எழுதியிருக்காங்க, நீ படிச்சிட்டு கிழிச்சிடு" என்று என் கையில் கொடுத்தார். இப்படி ஓர் ஆளிடம் போய் ரகசியம் சொன்னீர்களே!

அந்த வாசற்படி எனக்கு நினைவே இல்லை, சித்தி. நேற்று முழுக்க யோசித்துப் பார்த்தேன். செருப்பு நினைவில்லை, கதவு நினைவில்லை. நீங்கள் வந்த நாள் என்றால் எனக்கு நினைவில் இருப்பது ஒன்றே ஒன்றுதான். அன்று ராத்திரி பக்கத்து அறையில் மெஷின் சத்தம் கேட்டது. என் பாவாடைக்கு நாடா கோத்துத் தைத்துக்கொண்டிருந்தீர்கள். அம்மா போன பிறகு அன்றைக்குத்தான் நான் எழுந்து எழுந்து பார்க்காமல் தூங்கினேன். மெஷின் ஓடினால் வீட்டில் ஒருத்தர் விழித்துக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். இப்போதும் எனக்குச் சரியாகத் தூக்கம் வருவதில்லை. அந்தச் சத்தம் இந்த வீட்டில் இல்லை.

எட்டு வயசுப் பிள்ளை பயத்தில் உளறியதை இத்தனை வருஷம் கட்டிக் காப்பாற்றியிருக்கிறீர்களே, உங்களை நான் என்ன செய்வது? அது எனக்கு எப்படி வந்து சேர்ந்தது தெரியுமா? விடுதிக்கு நீங்கள் எழுதிய கடிதம் எல்லாவற்றிலும் முதல் வரி இதுதான்: இங்கு நான் நலம், உங்கள் வீடும் நலம். கூடப் படித்தவளுக்கு அவள் அம்மா "நம்ம வீட்டுப் பூனை குட்டி போட்டிருக்கு" என்று எழுதுவார். எனக்கு மட்டும், குடியிருப்பவர் வீட்டுக்காரருக்கு எழுதுவது மாதிரி ஒரு வரி. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? இவர் அப்பாவுக்காக இருக்கிறார், கடமைக்கு இருக்கிறார், நம் வீடு என்று ஒரு நாளும் இவர் வாயில் வராது என்று. நானும் எத்தனையோ வருஷம் காத்திருந்தேன், ஒரு தடவையாவது எழுதுவீர்கள் என்று. நீங்கள் எழுதவே இல்லை.

ஜனவரியில் நான் முதலில் "நம் வீட்டுக்கு வந்துவிடுங்கள்" என்றுதான் எழுதினேன். எழுதிவிட்டு அடித்தேன். அப்பாவும் இல்லை, இப்போது எந்த உரிமையில் நம் என்று சொல்கிறாய் என்று நீங்கள் நினைத்துவிட்டால்? பயமாக இருந்தது. தாளை மாற்றி வேறே எழுதினேன். அந்த ஒரு வார்த்தைக்கு உங்களைக் கடை மாடிக்கு அனுப்ப இருந்தேன்.

எனக்கு அந்த வீடு வேண்டாம், சித்தி. வாடகையும் வேண்டாம், சாவியும் வேண்டாம். எனக்கு நீங்கள் வேண்டும். சித்தி என்கிற வார்த்தையை எல்லாரும் என்னென்னவோ முகத்தோடு சொல்வார்கள். எனக்கு அந்த வார்த்தைக்கு வேறே அர்த்தமே தெரியாது, நீங்கள்தான் அர்த்தம்.

வராவிட்டாலும் பரவாயில்லை என்று எழுத நினைத்தேன். பரவாயில்லை என்பது பொய். வாருங்கள். இங்கே வாசலில் இரட்டைக் கதவு. இரண்டையும் திறந்து வைக்கிறேன், ஒருக்களிக்க வேண்டாம். பெட்டியோடு நேராக நடந்து வாருங்கள்.

உங்கள்,
பட்டாணி


மே 27

அன்புள்ள பட்டாணிக்கு,

இங்கு நான் நலம்.

இதற்கு அடுத்த வரி எப்படி எழுதுவது என்று தெரியாமல்தான் ஒரு மாதத்துக்கு மேல் காகிதத்தை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கை பழகிவிட்டது, அதுவாக "உங்கள்" என்று ஆரம்பிக்கிறது. அடித்துவிட்டு மாற்றி எழுதினால் பொய் மாதிரி தெரிகிறது. அதனால் அந்த வரியையே விட்டுவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. நாள் பிடிக்கும்.

உன் கடிதத்தைத் தினமும் படித்தேன். பயந்தது நான் மட்டும்தான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். நீ விடுதியில் உட்கார்ந்துகொண்டு ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தாய் என்று தெரிந்திருந்தால், ஒரு பக்கம் முழுக்க அதையே எழுதி அனுப்பியிருப்பேனே, கண்ணு.

கடைக்காரம்மாவிடம் மாடி அறை வேண்டாமென்று சொல்லிவிட்டேன். "நீங்க வருவீங்கன்னு நெனச்சு பெயின்ட் வேற அடிச்சேனே" என்று குறைப்பட்டுக்கொண்டார். அப்புறம் அவரே மெஷினுக்கு எண்ணெய் போட்டுக் கொடுத்தார். அளவும் துணியும் அனுப்பிவைக்கிறாராம், அங்கிருந்தே தைத்துக் கொடுக்கச் சொல்கிறார்.

இப்போது நான் சொல்கிற வேலையைச் செய். ஜன்னல் அளவு வேண்டும். பெரிய அறை இல்லை, சின்ன அறை. கட்டிலைத் திருப்பிப் பெரிய அறையில் போடுங்கள். மாப்பிள்ளை வயிற்றை எக்கிக்கொண்டு நடக்கிற வீட்டுக்கு நான் வர மாட்டேன். எனக்கும் மெஷினுக்கும் சின்ன அறை தாராளம். திரைக் கம்பியிலிருந்து தரை வரைக்கும் அள. ஜன்னல் கட்டையோடு நிறுத்திவிடாதே, எல்லாரும் அந்தத் தப்பைத்தான் செய்வார்கள். துணி நாடாவால் அளக்காதே, அது இழுத்தால் நீளும். இரும்பு டேப் வாங்கிக்கொள்.

புதுத் துணி எடுக்கப் போவதில்லை. உன் அறையில் இருக்கிற நீலத் திரையைக் கழற்றிப் பார்த்தேன். வீடு மாறுகிறவர்களுக்குத் தைக்கும்போது கீழ் மடிப்பில் துணி விட்டுத்தான் தைப்பேன். புது ஜன்னல் உயரமாக இருந்தால் மடிப்பைப் பிரித்து இறக்கிக்கொள்ளலாம். உன் திரையிலும் அப்படி விட்டிருக்கிறேன், நல்ல அகலமாக. எதை நினைத்து விட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. மடிப்புக்குள் இருந்த பாகம் மட்டும் வெயில் படாமல் நிறம் மங்காமல் இருக்கிறது. இறக்கினால் அடியில் ஒரு பட்டை புதுசாகத் தெரியும். உனக்குப் பரவாயில்லையா?

அன்புள்ள,
சித்தி


ஜூன் 2

அன்புள்ள சித்திக்கு,

இங்கு நாங்கள் நலம். இவர் கடிதத்தைப் படித்துவிட்டு, "நான் ஓட்டை வாய்தான், ஆனா அதுல காரியம் நடந்துச்சா இல்லையா?" என்று மார்தட்டிக்கொண்டு திரிகிறார். ஒரு வாரத்துக்கு இவரைப் பிடிக்க முடியாது.

இரும்பு டேப் வாங்கி அளந்தாயிற்று, கம்பியிலிருந்து தரை வரைக்கும். அளவைத் தனித்தாளில் வைத்திருக்கிறேன். நான் ஒரு தடவை, அவர் ஒரு தடவை அளந்தோம். இரண்டும் ஒத்துப்போகவில்லை. மூன்றாவது தடவை டேப்பின் ஒரு முனையை அவர் பிடித்தார், மறு முனையை நான் பிடித்தேன், அதுதான் சரியான அளவு.

பட்டை தெரிந்தால் தெரியட்டும். எனக்கு அந்தப் பட்டை வேண்டும்.

சின்ன அறை விஷயத்தில் உங்களோடு சண்டை போடலாம் என்று இருந்தேன். இவர் அதற்குள் கட்டிலைத் திருப்பிப் போட்டுவிட்டார். வரும் ஞாயிறு வேனோடு நாங்கள் இருவரும் வருகிறோம். "உங்கள்" என்று எழுதிய பெட்டியெல்லாம் அப்படியே ஏற்றலாம், மேலே ஒட்டிய தாளை மட்டும் நான் கிழிப்பேன். அம்மாவின் பாத்திரப் பெட்டியை முதலில் பிரிக்கப் போகிறோம். அதில் நீங்கள் சமைக்க வேண்டும்.

அந்த ஒரு பையை மறக்காமல் கையில் வைத்திருங்கள். மாத்திரை, கண்ணாடி, துண்டு, டம்ளர்.

அன்புடன்,
பட்டாணி


ஜூலை 18

அன்புள்ள பட்டாணிக்கு,

சித்தி எழுதுவது. இங்கே நானும் மாப்பிள்ளையும் நலம். ஆஸ்பத்திரிப் பயிற்சிக்குப் போன இடத்தில் சாப்பாடு எப்படி? பாடம் எடுக்கிறவர் உன்னைவிடச் சின்னவர் என்று சிரித்தாயாமே, அப்படியெல்லாம் சிரிக்காதே. கால் வீங்காமல் பார்த்துக்கொள். நீ போனில் கூப்பிட்டபோது நான் "ம்" என்று மட்டும் சொன்னதாக மாப்பிள்ளையிடம் குறை சொன்னாயாம். அதனால்தான் எழுதுகிறேன்.

டைப்பிஸ்ட் அம்மாவின் மகள் குடும்பம் நம் பழைய வீட்டுக்குக் குடிவந்துவிட்டது. மாடிக் குழாய் மறுபடி சொட்டுகிறதாம். அந்த வாஷர் மூன்றாம் நம்பர், எடுத்துச் சொல்லியிருக்கிறேன். மாப்பிள்ளை நேற்று ஒரு மேல்தாடையை என் நூல்கண்டுப் பெட்டிக்குள் வைத்துவிட்டு வீடெல்லாம் தேடினார். தேடட்டும் என்று மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தேன்.

நேற்று மின்சார மீட்டர் பார்க்கிறவர் வந்தார். புது ஆள். நான் துணி வெட்டிக்கொண்டிருந்தவள் எழுந்துபோய்க் கதவைத் திறந்தேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "வீட்டுக்காரங்க இல்லயாம்மா? யாரு வீடு இது?" என்று கேட்டார்.

"எங்க வீடுதான். என்ன வேணும், சொல்லுங்க" என்றேன்.

அவர் மீட்டரைப் பார்த்து எழுதிக்கொண்டு போய்விட்டார். அவர் தெருமுனை திரும்பின பிறகுதான் நான் சொன்னது என் காதில் விழுந்தது. பார்த்தால், இரண்டு கையாலும் இரண்டு கதவையும் பிடித்துக்கொண்டு வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறேன். ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. நீ பார்த்திருந்தால் சிரித்திருப்பாய். எனக்குச் சிரிப்பும் வந்தது, மற்றதும் வந்தது. கொஞ்ச நேரம் படியிலேயே உட்கார்ந்திருந்துவிட்டு உள்ளே வந்தேன்.

கூடத்து ஜன்னலுக்குத் திரை தைத்து முடித்தாயிற்று. மாட்டவில்லை. ஸ்டூலில் ஏற மாட்டேன் என்று உனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன், மாப்பிள்ளை மாட்டினால் கோணலாகப் போகும். நீ வந்துதான் மாட்ட வேண்டும்.

பயிற்சி முடிந்ததும் அங்கே இங்கே நிற்காதே. பேசாமல் எங்கள் வீட்டுக்கு வந்துவிடு.

அன்புள்ள,
சித்தி